ஜான் பிரைனுக்கு அப்புறம் யாரைக் கேட்பது? (அமெரிக்கானா, ஃபோக் எனப்படும் அமெரிக்க நாட்டுப்புற வழிப் பாட்டுக்காரர்கள் பற்றி ஓர் இழை)

#1 மழைக்காகம் (கோவை)

அமெரிக்கப் பாட்டுக்காரர் ஜான் பிரைன் 2018இல் என்.பி.ஆர் வானொலியின் டைனி டெஸ்க் நிகழ்ச்சியில் பாடியது யூடியூபில் தற்செயலாகக் கண்ணில் பட்டது. கிட்டார், கரகரத்த குரல், பாட்டுக்கு நடுவே கிண்டல் பேச்சு. அதிலேயே விழுந்துவிட்டேன். பின்னாலேயே போய் 1971இல் வந்த அவருடைய முதல் ஆல்பம் வரைக்கும் கேட்டாயிற்று.

பிரச்சினை அதற்கு அப்புறம்தான். "உங்களுக்கு இதுவும் பிடிக்கும்" என்று செயலி தள்ளிவிடுவதெல்லாம் ஒரே அச்சு. தாடி, தொப்பி, காலால் தரையைத் தட்டிக்கொண்டு கோஷ்டியாக "ஹே" என்று ஒரு கத்தல். பிரைனிடம் பிடித்தது எதுவும் அதில் இல்லை. எனக்கு டிலன் கொஞ்சம், சைமன் அண்ட் கார்ஃபங்கல் கொஞ்சம் தெரியும், அவ்வளவே. யாரிடமிருந்து தொடங்கலாம்?

#2 பழைய டேப் (சென்னை)

நேராக வேருக்குப் போங்கள். ஃபோக்வேஸ் நிறுவனம் 1952இல் வெளியிட்ட அமெரிக்க ஃபோக் தொகுப்பு. ஹாரி ஸ்மித் என்கிற விசித்திரமான ஆள் வீட்டில் குவித்து வைத்திருந்த, நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய இசைத்தட்டுகளிலிருந்து பொறுக்கி எடுத்த 84 பதிவுகள். ஆறு எல்.பி. (நீண்ட நேரம் ஓடும் தட்டு). எல்லாம் 1920களின் கடைசியிலும் 30களின் தொடக்கத்திலும் பதிவானவை. யார் கறுப்பர், யார் வெள்ளையர் என்று அவர் ஓரிடத்திலும் எழுதவில்லை. கேட்டவர்கள் பல வருஷம் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஆறு தட்டுகளை முடித்துவிட்டு வாருங்கள், பேசலாம். அதற்கப்புறம் வந்தவர்களெல்லாம் அதை நகல் எடுத்தவர்கள்தான்.

#3 கேரிவாசி (வட கரோலினா)

பழைய டேப் அண்ணன் சொல்லும் தொகுப்பு அருமையான பெட்டி. ஆனால் புதிதாக வருகிறவரிடம் முதல் நாளே அதைக் கொடுத்தால், இரைச்சலுக்கு நடுவே நாலு பாட்டு கேட்டுவிட்டு ஓடிவிடுவார். நான் பார்த்திருக்கிறேன்.

என் வழி வேறு. வகையின் பெயரைப் பிடித்துப் போகாதீர்கள், ஆளைப் பிடித்துப் போங்கள். இப்போது பாடிக்கொண்டிருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். இவர் யாரிடம் கற்றார், பக்கத்தில் வாசிப்பது யார், தயாரித்தவர் யார் என்று ஆல்பத்தின் பெயர்ப் பட்டியலைப் படியுங்கள். மூன்று பெயர் தாண்டுவதற்குள் நூறு வருஷம் பின்னால் போயிருப்பீர்கள். செயலிக்கு இது தெரியாது. அது ஓசை எப்படி இருக்கிறது என்று பார்க்கும். யார் யாருடைய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கற்றார் என்று பார்க்காது.

உதாரணத்துக்கு ரியானன் கிடன்ஸ். எங்கள் மாநிலத்துக்காரர், கிரீன்ஸ்பரோ ஊர். ஓபர்லின் கல்லூரியில் ஆப்பரா பயின்றவர். 2005இல் பூன் நகரில் கறுப்பின பாஞ்சோ (தோல் போர்த்திய தந்திக் கருவி) கலைஞர்களின் கூடல் ஒன்று நடந்தது. அங்கே சந்தித்துக்கொண்டவர்களில் மூன்று பேர், கிடன்ஸ், டாம் ஃப்ளெமன்ஸ், ஜஸ்டின் ராபின்சன், சேர்ந்து கரோலினா சாக்லேட் டிராப்ஸ் என்ற குழுவைத் தொடங்கினார்கள். மெபேன் என்கிற சின்ன ஊரில் ஜோ தாம்சன் என்ற ஃபிடில் (வயலின்) கலைஞர் இருந்தார், அப்போதே எண்பது தாண்டியவர். அவர் வீட்டுக்கு வாராவாரம் போய் உட்கார்ந்து கற்றார்கள். குறிப்புப் புத்தகம் ஏதும் கிடையாது. அவர் வாசிப்பார், இவர்கள் கூடவே வாசிப்பார்கள், அவ்வளவுதான். ஜோ தாம்சன் 2012இல் இறந்தார். அதற்குள் குழு ஒரு கிராமி விருது வாங்கிவிட்டது.

முதலில் சாக்லேட் டிராப்ஸ், பிறகு ஜோ தாம்சனின் சொந்தப் பதிவுகள். இந்த வரிசையில் கேட்டுப் பாருங்கள். அந்தக் கரடுமுரடான வில் ஓசை அப்போது இரைச்சலாகத் தெரியாது.

#4 தெற்குவாசல் (மதுரை)

ஒரு நிமிஷம். கறுப்பின பாஞ்சோ கூடலா? பாஞ்சோ என்றால் வைக்கோல் தொப்பி போட்ட வெள்ளைக்கார விவசாயிதானே நினைவுக்கு வருகிறார்? அதோடு, இந்த மொத்த விவகாரமே "அந்தக் காலம் பொற்காலம்" என்று மரக்குடிசைக்கு ஏங்குகிற சமாச்சாரம் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

#5 கேரிவாசி

அப்படி நினைக்க வைத்தது வியாபாரம், தெற்குவாசல். பாஞ்சோ மேற்கு ஆப்பிரிக்காவின் சுரைக்குடுக்கைக் கருவிகளின் வழிவந்தது. செனகல், காம்பியா பக்கம் ஜோலா மக்கள் வாசிக்கும் அகோந்திங்கைப் பாருங்கள். ஒரு குடுக்கை, அதன் மேல் தோல், நீண்ட கழி, கட்டை விரலுக்கென்று ஒரு குட்டைத் தந்தி. விரல் நகத்தால் கீழ்நோக்கித் தட்டி வாசிக்கும் முறையை அமெரிக்க மலைநாட்டில் க்ளாஹாமர் என்பார்கள். அகோந்திங்கிலும் கை கிட்டத்தட்ட அதே மாதிரிதான் போகிறது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு வந்த கருவி, கரீபியத் தீவுகள் வழியாக உள்ளே நுழைந்தது.

1920களில் இசைத்தட்டுக் கம்பெனிகள் இரண்டு தனிப் பட்டியல் போட்டன. கறுப்பர்களுக்கு ப்ளூஸ், மலைநாட்டு வெள்ளையர்களுக்கு ஃபிடிலும் பாஞ்சோவும். ஃபிடில் வாசித்த கறுப்பர் எந்தப் பட்டியலிலும் சரியாகப் பொருந்தவில்லை, ஆகவே அவரைப் பதிவு செய்ய யாரும் அவ்வளவாக மெனக்கெடவில்லை. ஜோ தாம்சன் போன்றவர்கள் ஊர் நடனங்களில் வாசித்துவிட்டு, பகலில் ஃபாக்டரி வேலைக்குப் போனார்கள். பழைய டேப் அண்ணனின் பெட்டி எவ்வளவு பெரிதானாலும், பதிவானது மட்டும்தான் அதில் இருக்க முடியும்.

#6 பழைய டேப்

கடைசி வரியை ஒப்புக்கொள்கிறேன். அதோடு சேர்த்துக்கொள்ள ஒரு கதை.

1927 ஜூலை, ஆகஸ்டில் ரால்ஃப் பீர் என்பவர் விக்டர் இசைத்தட்டுக் கம்பெனிக்காக பிரிஸ்டல் நகரத்தில் ஒரு தொப்பிக் கிடங்கின் மாடியில் பதிவுக் கருவிகளோடு வந்து இறங்கினார். அந்த ஊரின் பிரதான வீதி நடுவே மாநில எல்லை ஓடுகிறது. ஒரு பக்கம் டென்னசி, மறுபக்கம் வர்ஜீனியா. ஆகஸ்டு முதல் தேதி கார்ட்டர் குடும்பம் பாடியது: ஏ.பி. கார்ட்டர், மனைவி சாரா, தம்பி மனைவி மேபெல். மேபெல் அப்போது கர்ப்பிணி, வயது பதினெட்டு. அதே வாரம் ஜிம்மி ராட்ஜர்ஸ் பாடினார். கன்ட்ரி இசை அங்கேதான் பிறந்தது என்று இன்றைக்கு அந்த ஊரில் ஓர் அருங்காட்சியகமே இருக்கிறது.

அதற்கப்புறம் ஏ.பி. கார்ட்டருக்குப் புதுப் பாட்டு தேவைப்பட்டது. மலை மலையாகச் சுற்றிப் பாட்டு சேகரித்தார். கூடப் போனவர் லெஸ்லி ரிடில், ஒரு கறுப்பின கிட்டார் கலைஞர். சிமென்ட் ஆலை விபத்தில் ஒரு காலை இழந்தவர். ஏ.பி. வரிகளை எழுதிக்கொள்வார், ரிடில் மெட்டை மனத்தில் ஏற்றிக்கொள்வார். திரும்பி வந்து வாசித்துக் காட்டுவார். கார்ட்டர் குடும்பத்தின் பெயர் ஊரெல்லாம் பரவியது, ரிடிலின் பெயர் எந்தத் தட்டிலும் இல்லை. 1960களில் ஃபோக் கலைஞர் மைக் சீகர் தேடிப்போய்ப் பதிவு செய்த பிறகுதான் அவர் குரலே வெளியே வந்தது. மேபெலின் விரல் வாசிப்பிலும் ரிடிலின் கை இருக்கிறது.

#7 சுண்டுவிரல் (திருச்சி)

மேபெல் பெயர் வந்ததால் உள்ளே வருகிறேன். கிட்டார் கற்கிறவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது அந்தக் கையைப் படிக்க வேண்டும். மெட்டு முழுக்கக் கட்டை விரல் கீழ்ச் சுருதித் தந்திகளில் வாசிக்கும். இடைவெளியில் ஆள்காட்டி விரல் மேல் தந்திகளைக் கீழும் மேலுமாக வருடும். ஒரே ஆள் மெட்டும் தாளமும் கொடுத்துவிடுவார். அதற்கு முன்னால் அந்த ஊர்களில் கிட்டார் என்பது ஃபிடிலுக்குப் பின்னால் ஜங்கு ஜங்கு என்று தட்டுகிற பொருள், அவ்வளவுதான்.

இதற்கு நேர் எதிர் எலிசபெத் காட்டன். இடக்கைக்காரர். அண்ணனின் பாஞ்சோவை, பிறகு கிட்டாரை, தந்திகளை மாற்றிக் கட்டாமல் அப்படியே தலைகீழாகத் திருப்பிப் பிடித்தார். அதனால் கீழ்ச் சுருதியை விரல்கள் வாசிக்கும், மெட்டைக் கட்டை விரல் மேல் சுருதித் தந்திகளில் வாசிக்கும். சாதாரணமாகப் பிடிக்கிறவர்கள் அவர் வாசிப்பைக் காப்பி அடிக்கலாம், ஆனால் கட்டை விரலின் அந்த அழுத்தம் மெட்டில் விழாது. நான் முயன்று பார்த்து விட்டுவிட்டேன்.

அவர் கதை சினிமாவில் வந்தால் நம்ப மாட்டீர்கள். வட கரோலினாவில் சிறுமியாக இருந்தபோது பதினோரு பன்னிரண்டு வயதில் ஃப்ரெய்ட் ட்ரெயின் என்ற பாட்டைக் கட்டினார். கல்யாணம், தேவாலயம், வீட்டு வேலை என்று ஆனதும் கிட்டார் மூலைக்குப் போயிற்று. பல பத்தாண்டு கழித்து வாஷிங்டனில் ஒரு பெரிய கடையில் வேலை பார்த்தபோது, கூட்டத்தில் தொலைந்த ஒரு குழந்தையை அம்மாவிடம் கொண்டு சேர்த்தார். குழந்தை பெகி சீகர், அம்மா இசையமைப்பாளர் ரூத் க்ராஃபோர்ட் சீகர். அந்த வீட்டிலேயே வேலைக்குச் சேர்ந்தார். சுவரில் மாட்டியிருந்த கிட்டாரை ஒருநாள் எடுத்து வாசித்ததைக் கேட்ட பிறகுதான் வீட்டுக்காரர்களுக்கே விஷயம் தெரிந்தது. அந்த வீட்டு மகன் மைக் சீகர் பதிவு செய்து, 1958இல் முதல் ஆல்பம் வந்தது. அதற்குள் ஃப்ரெய்ட் ட்ரெயின் இங்கிலாந்தில் வேறு யாரோ பெயரில் ஹிட் ஆகியிருந்தது! உரிமையைத் திரும்பப் பெற சண்டை போட வேண்டியிருந்தது. தொண்ணூறு வயதை எட்டிய பிறகு கிராமி.

#8 மழைக்காகம்

மாலை முழுக்க காட்டன்தான் கேட்டேன். சுண்டுவிரல், நன்றி. அந்தக் குரலில் எந்த முஸ்தீபும் இல்லை, அடுப்படியில் வேலை செய்துகொண்டே பாடுகிற மாதிரி இருக்கிறது.

அடுத்த கேள்வி. கில்லியன் வெல்ச் என்ற பெயர் பல இடங்களில் வருகிறது. ஆனால் கீழே கமென்டில் "லாஸ் ஏஞ்சலஸ்காரி, மலைநாட்டுக்காரி வேஷம் போடுகிறாள்" என்று திட்டியிருக்கிறார்கள். கேட்கலாமா?

#9 மல்லி (சிகாகோ)

கேளுங்க, யோசிக்கவே வேண்டாம். 2001இல் வந்த டைம் (தி ரெவலேட்டர்) ஆல்பத்தை இரவில் ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள். மொத்தமே இரண்டு பேர், வெல்ச், டேவிட் ராலிங்ஸ். நாஷ்வில்லின் ஆர்.சி.ஏ. ஸ்டூடியோ பியில் பதிவானது. ராலிங்ஸ் வாசிக்கும் கிட்டார் 1935இல் செய்த எபிஃபோன் ஒலிம்பிக். அந்தக் காலத்தில் மலிவான ரகம். அதில் அவர் எடுக்கும் சுரங்கள் பாட்டின் மேல் மோதிவிடுமோ என்று தோன்றும், கடைசி நொடியில் வந்து உட்காரும். கடைசிப் பாட்டு கால் மணி நேரத்துக்குக் கிட்ட ஓடும், அவசரமே கிடையாது.

லாஸ் ஏஞ்சலஸ் விஷயம் உண்மைதான். வளர்ப்புப் பெற்றோர் டிவி நிகழ்ச்சிக்கு இசை எழுதியவர்கள், அவர் படித்தது பாஸ்டனில் பெர்க்லி இசைக் கல்லூரியில். அதனால் என்ன?

பிரைனைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் எங்கள் ஊர்க்காரர். மேவுட் புறநகரில் தபால்காரராக இருந்தார். ஓல்ட் டவுன் ஸ்கூல் ஆஃப் ஃபோக் மியூசிக்கில் கிட்டார் வகுப்புக்குப் போனவர். 1957இல் தொடங்கிய பள்ளி, இன்றும் நடக்கிறது. 1970இல் அவரைப் பற்றி முதலில் பெரிதாக எழுதியவர் சினிமா விமர்சகர் ரோஜர் ஈபர்ட். 1998இல் கழுத்துப் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு குரல் இறங்கிவிட்டது. நீங்கள் டைனி டெஸ்கில் கேட்ட கரகரப்பு அதுதான். 2020 ஏப்ரலில் கோவிட் கொண்டுபோய்விட்டது.

தெற்குவாசல், மரக்குடிசை ஏக்கம் என்றீர்களே, ஹேசல் டிக்கன்ஸைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். மேற்கு வர்ஜீனியா நிலக்கரிச் சுரங்கக் குடும்பம். சுரங்கத் தூசி நுரையீரலை அரித்துச் சாகிறவர்களை வீட்டுக்குள்ளேயே பார்த்தவர், அதையே பாட்டாக்கினார். ஹார்லன் கவுன்ட்டி சுரங்க வேலைநிறுத்தம் பற்றி 1976இல் வந்த ஆவணப்படத்தில் அவர் குரல் இருக்கிறது. ஆலிஸ் ஜெரார்டோடு சேர்ந்து பாடிய பதிவுகள் 1965இலிருந்து கிடைக்கின்றன. அந்தக் குரல் காதில் இனிக்காது, ஈயத் தகட்டைக் கிழிப்பது போலிருக்கும். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

#10 பழைய டேப்

"அதனால் என்ன" என்று அவ்வளவு சுலபமாகத் தாண்ட முடியாது மல்லி. ஹேசல் டிக்கன்ஸ் தன் அண்ணன் சாவைப் பாடுகிறார். வெல்ச் யாருடைய சாவைப் பாடுகிறார்? 1930களின் பொருளாதார மந்தநிலைக் காலத்து உடை, சாராயம் காய்ச்சுகிறவனின் பாட்டு, இதெல்லாம் வாசனைத் திரவியம். கேட்க நன்றாக இருக்கிறது என்பதை மறுக்கவில்லை.

#11 கேரிவாசி

அண்ணே, நீங்கள் கும்பிடுகிற டாக் வாட்சனையே எடுத்துக்கொள்வோம். வட கரோலினாவின் டீப் கேப் மலைக்காரர், குழந்தையிலேயே கண் பார்வை போனவர். அவரைவிட அசல் யார்? 1960இல் ரால்ஃப் ரின்ஸ்லர் அந்தப் பக்கம் கிளாரன்ஸ் ஆஷ்லி என்ற பழைய பாட்டுக்காரரைப் பதிவு செய்ய வந்தார். கூட வாசிக்க டாக் வந்தபோது கையில் இருந்தது எலெக்ட்ரிக் கிட்டார்! ஊர் நடனக் குழுவில் சம்பளத்துக்கு வாசித்துக்கொண்டிருந்தார். அந்தக் குழுவில் ஃபிடில் வாசிக்க ஆள் இல்லை. ஃபிடில் மெட்டுகளை கிட்டாரிலேயே வாசிக்கப் பழகியது அப்படித்தான். இன்றைக்கு ப்ளூகிராஸ் (வேகமான தந்திக் கருவிக் குழு இசை) கிட்டார் வாசிக்கிற எவரும், பில்லி ஸ்ட்ரிங்ஸ், மோலி டட்டில் உட்பட, அந்தப் பழக்கத்தின் வாரிசுகள். எலெக்ட்ரிக்கை வைத்துவிட்டு அகூஸ்டிக்கை எடுக்கச் சொன்னது நகரத்திலிருந்து வந்த ரின்ஸ்லர்தான்.

மலைக்காரர் நவீனமாக வாசித்துக்கொண்டிருந்தார், நியூயார்க்காரர் வந்து பழசாக வாசிக்கச் சொன்னார். இதில் யார் வேஷம் போட்டது? ரால்ஃப் பீர்கூட, பழசுபோல ஒலிக்க வேண்டும், ஆனால் தான் காப்புரிமை வாங்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்றுதான் பாட்டு கேட்டார். நீங்கள் வேர் என்று சொல்கிற பதிவுகளிலேயே வெளியாளின் ரசனை கலந்திருக்கிறது. அதனால் நான் ஊரைப் பார்ப்பதில்லை. யாரிடம் கற்றார், அதைச் சொல்கிறாரா, கற்றதை வைத்துப் புதிதாக ஏதாவது செய்கிறாரா, இந்த மூன்றையும்தான் பார்க்கிறேன். வெல்ச் தேறிவிடுகிறார். அந்த "ஹே" கோஷ்டிகளில் பலர் தேறவில்லை.

#12 பழைய டேப்

டாக் வாட்சனை இழுத்தால் நான் வாயை மூடுவேன் என்று தெரிந்து வைத்திருக்கிறீர்கள். சரி, ரெவலேட்டரைக் கேட்கிறேன். சாராயப் பாட்டை மன்னிக்க மாட்டேன்.

#13 தெற்குவாசல்

டிக்கன்ஸ் கேட்டேன். முந்தைய கருத்தை வாபஸ் வாங்குகிறேன், பாதியை மட்டும். இன்னொரு சந்தேகம்: ஃபோக், அமெரிக்கானா, ப்ளூகிராஸ், கன்ட்ரி, இதில் எது எது?

#14 கேரிவாசி

அதில் மண்டையை உடைக்காதீர்கள். ப்ளூகிராஸ் மட்டும் தெளிவானது: பில் மன்றோவின் குழு, 1945 டிசம்பரில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் மூன்று விரல் பாஞ்சோவோடு வந்து சேர்ந்ததும் உருவான வடிவம். மற்றவை எல்லாம் ஒன்றோடொன்று பாத்தி உடைத்துக்கொண்டவை. அமெரிக்கானா என்பது 1990களில் வானொலிக்காரர்கள் ஒட்டிய லேபிள். 1999இல் அதற்கென்று நாஷ்வில்லில் சங்கம், 2010இல் கிராமியில் தனிப் பிரிவு, முதல் விருது பாடகர் லெவான் ஹெல்முக்கு.

#15 மல்லி

நம்ம பக்கத்துத் தொடர்பு ஒன்றை யாரும் சொல்லவில்லையே. இரும்புத் துண்டைத் தந்தியில் வழுக்கி வாசிக்கும் முறை ஹவாயிலிருந்து வந்தது. அமெரிக்காவில் அது டோப்ரோ என்ற கிட்டார் வகை ஆயிற்று. டவ் மோ என்ற ஹவாய்க் கலைஞர் 1940களில் கல்கத்தாவில் தங்கி வாசித்தார், இந்தியாவிலும் அந்த கிட்டார் வேர்விட்டது. இரண்டு கிளையும் சந்தித்துக்கொண்டது, அமெரிக்க கிட்டார் கலைஞர் ரை கூடரும் நம்ம விஸ்வ மோகன் பட்டும் சேர்ந்து 1993இல் வெளியிட்ட ஆல்பம். பட் வாசிக்க ஆரம்பித்தால் கூடர் கொஞ்சம் ஒதுங்கி வழிவிடுவது தெரியும். 1996இல் பட், பாஞ்சோ கலைஞர் பேலா ஃப்ளெக்கோடும் வாசித்திருக்கிறார்; அது எனக்கு அவ்வளவு ஒட்டவில்லை.

மட்டுறுத்துநர்: இழை நன்றாகப் போகிறது. யூடியூப் இணைப்புகளைத் தனித்தனிப் பதிவாகப் போடாமல் ஒன்றாகப் போடவும்.

#16 மழைக்காகம்

காசு கொடுத்து வெளிநாட்டு இசைத்தட்டு வாங்க வசதியில்லாதவருக்கு என்ன வழி? அமெரிக்காவில் இருக்கிறவர்கள் நேரில் எங்கே கேட்கிறீர்கள்?

#17 கேரிவாசி

இலவசமாகவே நிறைய கிடைக்கிறது. ஃபோக்வேஸை 1987இல் ஸ்மித்சோனியன் எடுத்துக்கொண்டது; எந்த ஆல்பத்தையும் விற்பனையிலிருந்து நீக்கக்கூடாது என்பது ஒப்பந்தம். தட்டோடு வரும் குறிப்புப் புத்தகங்களை அவர்கள் தளத்தில் சும்மா இறக்கிக்கொள்ளலாம். படிக்கப் படிக்கப் பெயர்கள் கிடைக்கும். ஆலன் லோமாக்ஸ் ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்தவையும் இணையத்தில் இருக்கின்றன. எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது ஃபோக் பாடகர் பீட் சீகர் 1965, 66இல் நடத்திய ரெயின்போ க்வெஸ்ட் டிவி நிகழ்ச்சி. 39 பகுதிகள், கறுப்பு வெள்ளை, பார்வையாளர்கள் கிடையாது. ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசிப் பேசிப் பாடுவார்கள். மிசிசிப்பி ஜான் ஹர்ட், டாக் வாட்சன், எலிசபெத் காட்டன் எல்லாரும் வந்திருக்கிறார்கள். சுண்டுவிரல், அந்த இடக்கையை அங்கே கண்ணால் பார்க்கலாம்.

நேரில் என்றால், வர்ஜீனியாவில் ஹில்டன்ஸ் என்ற இடத்தில் கார்ட்டர் ஃபேமிலி ஃபோல்ட் என்ற கச்சேரி அரங்கு. ஏ.பி.யின் மகள் ஜேனட் தொடங்கியது, சனிக்கிழமை இரவுக் கச்சேரி. மது கிடையாது, எலெக்ட்ரிக் கருவி கிடையாது. அந்த எலெக்ட்ரிக் விதியைப் பாடகர் ஜானி கேஷுக்கு மட்டும் தளர்த்தினார்கள். அவருடைய கடைசி மேடையும் அதுதான், 2003 ஜூலை. வயதானவர்கள் காலில் தகடு வைத்த ஷூ மாட்டிக்கொண்டு முன்வரிசைக்கு வந்து ஆடுவார்கள். நானிருக்கும் இடத்திலிருந்து கார் பயணம் ஏறக்குறைய ஐந்து மணி நேரம். பெரிய திருவிழாக்களைவிட எனக்கு இதுவும் வீட்டுக் கச்சேரிகளும்தான் பிடிக்கும். யாராவது தங்கள் ஹாலில் முப்பது நாற்காலி போடுவார்கள், ஆளுக்கு இருபது இருபத்தைந்து டாலர், அது முழுவதும் பாட்டுக்காரருக்கே.

#18 பழைய டேப்

ஜான் ஹர்ட் பெயர் வந்ததால் ஒன்று. 1928இல் சில தட்டுகள் வெளியிட்டார், விற்கவில்லை, ஊருக்குத் திரும்பி விவசாயம் பார்த்தார். செத்திருப்பார் என்றே எல்லாரும் நினைத்தார்கள். 1963இல் டாம் ஹாஸ்கின்ஸ் என்பவர், பழைய பாட்டொன்றில் ஹர்ட் தன் ஊரின் பெயர் ஆவலான் என்று பாடியிருப்பதைப் பிடித்துக்கொண்டு, மிசிசிப்பிக்குக் காரோட்டிப் போனார். ஆள் அங்கேதான் இருந்தார். அதே வருஷம் நியூபோர்ட் ஃபோக் விழாவில் பாடினார். 1966இல் இறக்கும் வரை மூன்று வருஷப் புகழ். 1928 பதிவையும் 60களின் பதிவையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், விரல் துளிகூட மாறவில்லை.

#19 சுண்டுவிரல்

ஹர்ட்டின் கையும் காட்டனின் கையும் ஒரே வேலையை இரண்டு விதமாகச் செய்கின்றன. மழைக்காகம், கிட்டார் இருந்தால் ஹர்ட்டிலிருந்து தொடங்குங்கள், வலக்கைக்காரருக்கு அதுதான் முடியும்.

#20 மழைக்காகம்

கிட்டார் இல்லை, காது மட்டும்தான். ரெயின்போ க்வெஸ்ட்டில் ஹர்ட் வரும் பகுதியைப் பார்த்தேன், அதில் ஹெடி வெஸ்ட் என்றொரு பெண் பாஞ்சோவோடு பாடுகிறார். அவரைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.